அழைத்துக் கொல்லுதலும் அறமும்

ஒரு செயலின் அறத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் அச்செயல் நிகழும் கணத்தின் மீதே கண்வைப்பர். பொருள் கொடுக்கப்படும் கணம், பொய் உரைக்கப்படும் கணம், உயிர் பறிக்கப்படும் கணம் என்பனவே நீதி நூல்களிலும் மெய்யியல் நூல்களிலும் எடுத்துக்காட்டுகளாக வருவன. அக்கணத்துக்கு முன்னர் நாட்கணக்காக, சில வேளைகளில் மாதக்கணக்காக நிகழும் ஆயத்தம் அறவியலாரின் கவனத்தை அத்துணை ஈர்த்ததில்லை. ஆயின் மனிதச் செயல்களுட் சில, நிகழும்போது சிந்தனைக்கு இடந்தராதவை. துப்பாக்கியின் விசை இழுபடும் நொடியில் எவனும் தத்துவ விசாரம் செய்வதில்லை. அந்நொடியில் அவன் எத்தகையவனாக இருப்பான் என்பது பெரும்பாலும் முன்னரே முடிவாகியிருக்கும். ஆதலின் அத்தகைய செயலை ஆராயப் புகுபவர் அதன் ஆயத்தத்தையே ஆராய்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் நடைபெறும் காட்டு வான்கோழி வேட்டை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். அங்கே சுடுதல் ஒரு நொடி. ஆயத்தமோ பல வாரம்.

காட்டு வான்கோழி வட அமெரிக்காவுக்கு உரிய பறவை. பண்ணைகளில் கொழுக்க வளர்க்கப்படும் வான்கோழியும் இதே இனத்திலிருந்து வந்ததுதான் எனினும், இயல்பால் இரண்டும் வெகுதூரம் விலகிவிட்டன. காட்டுப் பறவை இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் உறங்கும், பகலில் நிலத்திற் திரிந்து இரைதேடும், விரைந்து ஓடும், வேண்டியபோது வலுவாகப் பறக்கும். அதன் மோப்பம் மிகக் குறைவு. பார்வையோ மனிதனுடையதினும் பல வகையில் மேலானது. நிறங்களை நன்கு பகுத்தறிவதோடு, தலையைச் சற்றே திருப்பிச் சுற்றுப்புறம் முழுவதையும் அது கண்டுவிடும். மரத்தடியிலிருப்பவன் விரலொன்றை அசைத்தாற்கூட அவனது காலைப்பொழுது வீணாகிவிடும்.

இளவேனில் பிறந்ததும் சேவல் விடியற்காலையில் தான் உறங்கிய மரத்திலிருந்தே உரத்துக் குரலெழுப்பும். அதனைக் கேட்ட பேடுகள் சேவலை நாடிச் செல்லும். இயற்கையின் ஒழுங்கு இதுவே. வேடன் இவ்வொழுங்கைத் தலைகீழாக்க முயல்கிறான். அவன் ஒரு மரத்தில் முதுகு சாய்த்து அமர்ந்து, பேட்டின் குரலைத் தான் எழுப்பி, சேவல் தன்னை நாடி வருமாறு செய்கிறான். தென் புளோரிடாவில் மார்ச் மாத முற்பகுதியில் தொடங்கும் இவ்வேட்டைப் பருவம், வட மாநிலங்களில் மே மாத இறுதிவரையும் சிலவிடத்து யூன் முற்பகுதிவரையும் நீடிக்கும்.

இதற்கான ஆயத்தம் பனிக்காலம் முடியுமுன்னரே தொடங்கிவிடுகிறது. குரல் பழகுதலே அதிற் தலையாயது. மரப்பெட்டியொன்றின் விளிம்பில் அதன் மூடியை உராய்ந்து ஒலியெழுப்புவோர் உளர். சிலேற்றுத் தட்டின்மேல் சிறு குச்சியைத் தேய்ப்போர் உளர். மெல்லிய இறப்பர்ச் சவ்வினை அண்ணத்தில் ஒட்டவைத்து மூச்சினால் அதிரச் செய்வோர் கைகள் இரண்டையும் துப்பாக்கிக்கென விட்டுவைக்கலாம். ஆயின் பழகுவதற்கு இதுவே கடினமானது. வான்கோழியின் சிறகெலும்புகளைக் கொண்டே செய்யப்படும் ஊதுகுழல் இவையனைத்திலும் பழையது. அமெரிக்கப் பழங்குடி மக்கள் கையாண்ட கருவி அது. இறந்த பறவையின் எலும்பினூடாக உயிருள்ள பறவையின் குரலைப் பேசவைப்பதில் ஒரு கொடுமை உண்டா, அன்றி ஒருவகை மரியாதை உண்டா என்று கேட்டால், இரண்டும் உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது.

குரல் என்பது ஒன்றன்று. பேடு மரத்தில் விழித்தெழும்போது எழுப்பும் மெல்லொலி வேறு; நிலத்துக்கு இறங்கும்போது எழுப்பும் படபடப்பான ஒலி வேறு; மேயும்போது அமைதியாக முனகும் ஒலி வேறு; தோழமை வேண்டி விட்டுவிட்டு அழைக்கும் ஒலி வேறு. எதனை எப்பொழுது எழுப்புவது என்பதினும், எப்பொழுது வாளாவிருப்பது என்பதே அரிய பாடம். இதற்கு மேலாகக் காட்டைப் படித்தல் உண்டு. சருகுகள் கிளறப்பட்ட இடம், புழுதியிற் குளித்த குழி, உதிர்ந்த இறகு, காலடித் தடம் ஆகியவற்றை வேடன் தேடித் திரிவான். எச்சத்தின் வடிவமும் அவனுக்கு எழுத்தாகும். சேவலின் எச்சம் ஒருபுறம் வளைந்து நீண்டிருக்கும், பேட்டினது சுருண்டு திரண்டிருக்கும். இருள் பிரியுமுன் குன்றின்மேல் நின்று எந்தத் திசையிற் சேவல் குரலெழுப்புகிறது என்று கேட்பான். தேர்ந்தவர்கள் அக்காலத்தில் மறுகுரல் கொடுப்பதில்லை. பருவத்துக்கு முன்னரே பொய்க்குரலைக் கேட்டுப் பழகிய பறவை பின்னர் அதனை நம்பாது என்பர்.

இவ்விடத்திலேயே முதலாவது அறவினா எழுகின்றது. ஓர் உயிரின் மொழியை இத்துணை அன்போடும் பொறுமையோடும் கற்பவன், அதனைக் கொல்வதற்காகவே கற்கிறான். அறிவு அன்பை வளர்க்கும் என்பது கல்வியாளரின் நெடுநாள் நம்பிக்கை. இவ்வேட்டையில் அறிவும் அன்பும் சேர்ந்தே வளர்கின்றன. கொலையும் அவற்றோடு உடன்வருகின்றது. தமிழில் வான்கோழி, மயிலைப் பார்த்துத் தானும் ஆட முற்பட்ட போலியின் உவமையாக மூதுரையில் இடம்பெற்றுவிட்டது. (அங்குக் கூறப்படும் பறவை இன்று அப்பெயரால் அழைக்கப்படும் அமெரிக்கப் பறவைதானா என்பது வேறு வினா.) அமெரிக்கக் காட்டில் நிலைமை மாறுகின்றது. அங்கே வான்கோழியைப் பார்த்துப் போலி செய்பவன் மனிதன். அவனது போலி செம்மையாக அமையுமளவுக்கு அது கேடு விளைக்கும்.

விலங்கினிடம் பொய்யுரைத்தல் பொய்யாகுமா? காண்ட் வகுத்த அறவியலில், பொய் தீமையாவது அது பகுத்தறிவுடைய இன்னொரு பிறவியின் நம்பிக்கையைக் கருவியாக்குவதனால். விலங்கு அவரது ஒழுக்கச் சமுதாயத்தின் உறுப்பினனன்று. விலங்கிடம் கொடுமை செய்பவன் மனிதரிடத்தும் கொடியவனாவான் என்ற அளவிலேயே அவர் அதனைக் கண்டித்தார். ஆகவே காண்டின் கணக்கில் வேடன் தப்பிவிடுகிறான். எனினும் அவரது வேறொரு வாதம் காட்டினுள்ளே எதிர்பாராத வகையில் உயிர்பெறுவதைக் காணலாம். எல்லோரும் பொய்யுரைப்பாராயின் எவர் சொல்லும் நம்பப்படாது, பொய்யும் பயனற்றுப்போம் என்றார் அவர். பேட்டின் குரல் ஏனைய வேளைகளிலெல்லாம் மெய்யாக இருப்பதனாலேயே வேடனின் பொய் பலிக்கின்றது. வேடர் மிகுந்து பொய்க்குரல் மலிந்த காடுகளில் சேவல்கள் குரலெழுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன; அழைப்பைக் கேட்டு வாராது ஒதுங்குகின்றன. காண்ட் அறிவினால் நிறுவ முயன்றதை வான்கோழி அச்சத்தினால் கற்றுக்கொள்கின்றது.

ஆயினும் ஏமாற்று என்பதொன்றே இவ்வேட்டையைத் தீதாக்கப் போதுமானதன்று. தூண்டிலில் இரையைக் கோத்து மீனின் பசியை ஏமாற்றுபவனை உலகம் அவ்வளவாக நோவதில்லை. இங்கே ஏமாற்றப்படுவது இனம்பெருக்கும் வேட்கை என்பதால் மனம் கூடுதலாகக் கூசுகின்றது. கூச்சம் ஒரு வாதமாகாது. ஆராய வேண்டியது வேறிடத்தில் உள்ளது.

வேட்டைக்கு முந்திய வாரங்களில் வேடன் செய்யும் இன்னொரு காரியம் உண்டு. வான்கோழி வேட்டைக்குரியது பல சிறு சன்னங்களை ஒருங்கே பாய்ச்சும் துப்பாக்கி. பறவையின் உடலைக் கனத்த இறகும் தசையும் மூடியிருப்பதால், தலையும் கழுத்தும் மட்டுமே குறிவைக்கத் தக்கன. அங்கு மூளையையும் கழுத்தெலும்பையும் தாக்கினால் மரணம் உடனே நிகழும். உடலிற் பட்டால் பறவை காயத்தோடு ஓடி மறைந்து, பின்னர் எங்கோ சாகும். ஆதலால் வேடன் பெரிய தாளொன்றை நிறுத்தி, 20, 30, 40 யார் எனப் பல தூரங்களிலிருந்து சுட்டு, 10 அங்குல வட்டத்தினுள் எத்தனை சன்னங்கள் விழுந்தன என எண்ணிப் பார்ப்பான். தூரம் கூடக்கூடச் சன்னங்கள் சிதறும். வட்டத்தினுள் இடைவெளிகள் தோன்றும். ஒரு தூரத்துக்கு அப்பால் அத்தாள் அவனுக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: இங்கிருந்து சுடாதே. மரபான ஈயச் சன்னத்தைப் பொறுத்தவரை அவ்வெல்லை 40 யார் என நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது.

இச்சிறு காரியத்தின் அறப்பொருள் நோக்கற்பாலது. ஆயத்தம் என்றாலே ஆற்றலைப் பெருக்குதல் எனக் கொள்வது வழக்கம். மாணவன் தேர்வுக்கும் படைவீரன் போருக்கும் அவ்வாறே ஆயத்தமாகின்றனர். தாளின்மீது சுட்டுப் பார்ப்பவனோ தன் ஆற்றல் எங்கே முடிகின்றது என்பதை அறிய ஆயத்தமாகின்றான். பின்னர் காட்டில் அவனுக்கு வரும் சோதனை பெரும்பாலும் ஒரே வகையினது. அழைப்பைக் கேட்ட சேவல் 60 யார் தொலைவுவரை வந்து நின்றுவிடும். பேடுதான் தன்னிடம் வருதல் வேண்டும் என்பது அதன் இயல்பு. அழைத்த பேட்டைக் கண்ணாற் காணாமல் அது அடுத்த அடி வைக்காது. தோகையை விரித்து, சிறகைத் தாழ்த்தி, செவ்வொளி பட அங்கேயே சுற்றிவரும். அரைமணி நேரம் அவ்வாறே கழியும். வேடனின் கால்கள் மரத்துவிடும், இதயம் அடித்துக்கொள்ளும். அவ்வேளையில் ‘பட்டாலும் படும்’ என்ற எண்ணம் எவருக்கும் எழும். அவ்வெண்ணத்தை அந்நேரத்திற் தோன்றும் இரக்கம் தடுக்கும் என நம்பவியலாது. பல வாரங்களுக்கு முன் எண்ணிப் பார்த்த துளைகளே தடுக்கும்.

இவ்வேட்டைக்கான விதிகளை உற்றுநோக்கின் அவற்றினுள்ளும் இதே கருத்து மறைந்திருக்கக் காணலாம். பெரும்பாலான மாநிலங்களில் தானியமிட்டுப் பறவையை வரவழைத்தல் குற்றம். பதிவுசெய்த குரலை மின்கருவியால் ஒலிக்கச் செய்வதும் அவ்வாறே. தன் மூச்சாலும் கையாலும் பொய்க்குரல் எழுப்பலாம், கருவி எழுப்பலாகாது என்பது மேலோட்டமாகப் பார்ப்பின் வேடிக்கையானது. ஏமாற்றப்படும் பறவைக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் தடைசெய்யப்பட்டவற்றுக்குப் பொதுவானதொரு பண்பு உண்டு. அவை வேடனின் கல்வியைத் தேவையற்றதாக்குபவை. கற்காதவன் கொல்லலாகாது என்பதே அவ்விதிகளின் உட்கிடை எனலாம்.

அமெரிக்க வேடர்கள் இதற்கு இட்ட பெயர் ‘நேர்மையான துரத்தல்’ என்பது. 1887ஆம் ஆண்டு தியடோர் ரூஸ்வெல்ட் முதலியோர் நிறுவிய பூன் அன்ட் குரொக்கெற் கழகம் இக்கருத்தைப் பரப்பியது. பெயர் அழகியது; ஆனால் பொருந்தாதது. நேர்மை என்னும் சொல் விளையாட்டுக்குரிய பொருளில் இங்கு வருகின்றது. விளையாட்டில் இருதரப்பும் விதிகளை ஏற்றுக் களமிறங்குவர். தோற்றவன் வீடு செல்வான். வான்கோழி எவ்விதியையும் ஏற்றதில்லை. வென்றாலும் அதற்கு எப்பரிசும் இல்லை. பறவைக்கு ‘வாய்ப்பளிப்பதாக’ வேடன் கூறுவது தன்னைப் பற்றிய அவனது மதிப்பீட்டைச் சொல்கிறதேயன்றிப் பறவையைப் பற்றி எதனையும் சொல்வதில்லை. அவனது கட்டுப்பாட்டுக்கு வேறு அடிப்படை வேண்டும். பெந்தாம் 1789இல் வெளியான தம் நூலில் விலங்குகளைப் பற்றிக் கேட்கவேண்டியது அவற்றாற் துன்புற முடியுமா என்பதே என்றார். அவ்வடிப்படையில் நின்றால் 40 யார் எல்லை பறவைக்குக் காட்டும் பெருந்தன்மையன்று. காயப்பட்டு ஓடி மூன்று நாள் கழித்துச் சாகும் துன்பத்தை விளைவிக்காமைக்கான கடமை.

அண்மைக்காலத்தில் இவ்வெல்லை தளர்ந்துவருகின்றது. தங்குதன் என்னும் உலோகத்தாலான சன்னங்கள் இப்பொழுது விற்பனைக்கு உள்ளன. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11 கிராமுக்குச் சற்று மேல்; இவற்றினது சுமார் 18. ஆதலால் மிகச் சிறிய சன்னமும் ஆழ ஊடுருவும். ஒரு தோட்டாவுள் அதிக எண்ணிக்கையிற் சன்னங்களை அடக்கலாம். 60 யாரில் நிற்கும் சேவலும் வீழும். இதனைக் குறைகூறுவோர்க்கு ஆதரவாளர் கூறும் விடை வலுவானது: அத்தூரத்திலும் மரணம் உடனே நிகழுமாயின் துன்பம் எங்கே? மேலே கூறிய கடமையை மட்டும் கொண்டு பார்த்தால் இதற்கு மறுமொழி இல்லை. ஆனால் எல்லை பின்வாங்குகின்றதேயன்றி மறைவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 40 யாரிற் சோதிக்கப்பட்டவன் இனி 70 யாரிற் சோதிக்கப்படுவான். அங்கே தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும், குறுக்கே நிற்கும் சிறு கிளையைக் காண்பதும், சேவலுக்குப் பின்னால் நிற்கும் பேட்டைக் காண்பதும் இன்னும் கடினம். தவிரவும், நெருங்கிவரும்வரை காத்திருந்தவன் கற்றதெல்லாம் தூரத்தில் நின்று சுடுபவனுக்கு வேண்டாததாகிவிடுகின்றது. தானியத்தையும் மின்கருவியையும் தடுத்த விதிகளின் உட்கிடையை இச்சன்னம் ஓசையின்றிக் கடந்துவிடுகிறது.

சங்கத் தமிழில் ‘பார்வை’ எனப்பட்ட போலிப் பறவைகளைப் பற்றியும் இத்தகைய வழக்கு உண்டு. அன்று வேட்டுவர் பழக்கிய உயிர்ப்பறவையை வைத்தனர். இன்று இறப்பராலும் பிளாத்திக்காலும் செய்யப்பட்ட பேடு நிறுத்தப்படுகின்றது. விரித்த தோகையொன்றின் பின்னால் மறைந்து திறந்த வெளியில் ஊர்ந்து சென்று, போட்டிச் சேவல் எனச் சினந்து வருவதைச் சுடும் முறையும் பரவியது. இது பறவையினும் மனிதனுக்கே ஆபத்தானது. சில மாநிலங்கள் பொது நிலங்களில் இதனைத் தடைசெய்துள்ளன. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருப்பதால் அந்நிறங்களில் ஒரு கைக்குட்டைகூட வைத்திராதே என்பதும், சேவலின் குரல் கேட்கும் இடத்தை நோக்கி ஒளிந்து செல்லாதே என்பதும் இவ்வேட்டையின் பாலபாடம். அங்கே குரலெழுப்புவது இன்னொரு மனிதனாக இருக்கலாம். பிறரை ஏமாற்ற உருமாறியவன் தானே அவ்வுருவமாகக் கொள்ளப்படும் நிலைக்கு ஆளாகிறான்.

விதி எங்கும் உடன்வராது. பல மாநிலங்களில் இளவேனிலிற் சுடத்தக்கது ‘தாடியுள்ள’ பறவை எனச் சட்டம் கூறுகின்றது. மார்பிலிருந்து தொங்கும் மயிர் போன்ற இறகுக் கற்றையே தாடி. அது சேவலின் அடையாளம் எனினும் பேடுகளுட் சிலவற்றுக்கும் அமைவதுண்டு. அம்மாநிலங்களில் தாடியுள்ள பேட்டைச் சுடுதல் சட்டப்படி குற்றமன்று. அப்பேடு அவ்வேளையில் 10 அல்லது 12 முட்டைகளை அடைகாக்கும் பேடாகவும் இருக்கலாம். நான்கு வார அடைகாப்பில் சேவல் எவ்வுதவியும் செய்வதில்லை. மிசிசிப்பி மாநிலம் பேட்டை முற்றாக விலக்கி, வளர்ந்த சேவலை அல்லது 6 அங்குலத்துக்குக் குறையாத தாடியுள்ள சேவலையே அனுமதித்தது. ஏனைய இடங்களில் வேடனின் விரலைத் தடுப்பது அவன் மட்டுமே. வேட்டைக்காரனும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியருமாக விளங்கிய அல்டோ லெயோபோல்ட், வேடனின் நடத்தையைப் பாராட்டவோ இகழவோ பார்வையாளர் எவரும் சூழ்ந்திருப்பதில்லை என்பதைச் சுட்டியது இதனாலேயே. அவரது மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்த நூலில் இக்கருத்து உள்ளது.

வேடர் தரப்பில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் வாதமொன்று எஞ்சியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காடழிப்பாலும் கட்டற்ற வேட்டையாலும் இப்பறவை அழிவின் விளிம்பை அடைந்தது. 1930களில் சுமார் 2 இலட்சமே எஞ்சியிருந்ததாகப் பொதுவாக மதிப்பிடுவர். 1937ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்கு மீட்புக்கு ஒதுக்கியது. வளர்ப்புப் பறவைகளைக் காட்டில் விட்ட முயற்சிகள் தோற்றபின், 1950களிலிருந்து வலையை வெடித்தெறிந்து காட்டுப் பறவைகளையே பிடித்து வேறிடங்களிற் குடியேற்றினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை 60 இலட்சத்தைத் தாண்டியது. வேடன் இல்லையேல் வான்கோழி இல்லை என்பது இவ்வாதம். இது வரலாற்று உண்மை, மறுத்தற்கில்லை. ஆயின் இதிலிருந்து பெறப்படும் முடிவு ஐயத்துக்குரியது. காக்கப்பட்டது இனம், கொல்லப்படுவது தனிப்பறவை. ஊரைப் பஞ்சத்திலிருந்து காத்தவனுக்கு அவ்வூரில் ஒருவனது வீட்டைப் பறிக்கும் உரிமை வந்துவிடுமா?

சேவல் மிகையானது, பேடுகள் கருவுற்றபின் சேவலைக் கொல்வதால் இனத்துக்குக் கேடில்லை என்ற கணிப்பும் இப்பொழுது முன்போல் உறுதியாக இல்லை. தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை குறைந்தமையால், இனச்சேர்க்கை நடந்து முடியுமுன் முதன்மைச் சேவல்கள் கொல்லப்படுகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. அலபாமா 2022இல் பருவத்தின் முதற் பத்து நாட்களுக்குப் போலிப் பறவைகளைத் தடைசெய்தது. ரெனெசி 2023இல் பருவத் தொடக்கத்தை இரு வாரம் பின்தள்ளியது. ஆயத்தம் செய்து காத்திருந்தவர்களுள் முணுமுணுத்தோரும் உளர், வரவேற்றோரும் உளர்.

இறுதியாக, கொல்லத்தான் வேண்டுமா என்னும் வினா. 1975இல் தம் நூலை வெளியிட்ட பீற்றர் சிங்கர் போன்றோர்க்கு விடை எளிது: உணவுக்கு வேறு வழியுள்ளவன் துன்புறும் உயிரைக் கொல்லலாகாது. ஸ்பானிய மெய்யியலாளர் ஓர்த்தெகா இ கசெற் 1942இல் எழுதிய முன்னுரையொன்றில், கொலை வேடனின் நோக்கமன்று, எனினும் அது நேரக்கூடும் என்ற நிலை இன்றேல் வேட்டை வேட்டையாகாது என வாதித்தார். அவர் கூற்றில் உளவியல் உண்மை உண்டு. காட்டை நிழற்படக் கருவியோடு அணுகுபவனும் இதே குரலைப் பழகலாம். அவன் 60 யார் சோதனைக்கு ஆளாவதில்லை. ஆயின் ஒருவனது கவனத்தைக் கூர்மையாக்குவதற்கு இன்னோர் உயிர் விலையாதல் தகுமா என்று கேட்டால், ஓர்த்தெகாவின் பக்கங்களில் விடை கிடைப்பதில்லை. கடைகளில் தோலுரித்துப் பொதிசெய்யப்பட்ட பண்ணைக் கோழியை வாங்குபவர் இவ்வினாவை வேடனிடம் மட்டும் கேட்பது பொருந்தாது என்பதும் உண்மையே. அவர் கொலைக்கு எவ்விதத்திலும் ஆயத்தமாகாதவர். தாளில் விழுந்த துளைகளை அவர் எண்ணியதில்லை. அந்த ஒப்பீடு வேடனை உயர்த்துகிறது, விடுவிப்பதில்லை. நல்ல ஆயத்தம் கொலையைத் துன்பம் குறைந்ததாக்கலாம், அரிதாக்கலாம். தேவையற்ற கொலையைத் தேவையானதாக்க அதனால் இயலாது.

பருவம் தொடங்குமுன் வேடன் அனுமதிச் சீட்டொன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். பல மாநிலங்களில், பறவை வீழ்ந்ததும் அதனை அவ்விடத்திலிருந்து எடுக்குமுன்னரே, நாளையும் இடத்தையும் அச்சீட்டிற் குறித்துப் பறவையின் காலிற் கட்டுதல் வேண்டும். பென்சில்வேனியாவில் பருவத்தின் முற்பகுதியில், அடைகாக்கும் பேடுகள் கலையாதிருக்கும் பொருட்டு, நண்பகலோடு வேட்டை முடிந்துவிடும். சேவல் 60 யாரில் நின்று திரும்பிப் போன நாட்களில் அச்சீட்டு வெறுமையாகவே வீடு திரும்பும். மே மாதம் முடியும்போதும் பலருடைய சீட்டு அவ்வாறே இருக்கும்.